காலை எட்டு, இரவு எட்டு



உறுப்பு மாற்று பற்றிப் பேச ஒரு மருத்துவரைக் கூப்பிட்டால், அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பறக்கும். போலீசார் சிக்னலை நிறுத்தி வழிவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் மருத்துவக் குழுவின் படம் வரும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. எல்லாம் பாராட்டத் தக்க விஷயங்கள். ஆனால் சிறுநீரக மாற்று அறுவை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை. அந்தச் சிறுநீரகம் இருபது வருடம் ஓடுமா, ஆறு மாதத்தில் நின்றுபோகுமா என்பது அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை விழுங்கும் மாத்திரையின் கையில்தான் பெருமளவு இருக்கிறது. அந்த மாத்திரைக்கு இதுவரை யாரும் மாலை போட்டதில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றி.

முதலில், ஏன் மாத்திரை வேண்டும்? நம் உடம்பு தனக்குச் சொந்தமில்லாத எதையும் விட்டுவைக்காது. கிருமியைத் தாக்குகிற அதே படை, அம்மா கொடுத்த சிறுநீரகத்தையும் தாக்கும். பாசம் அதற்குத் தெரியாது. இதைத் தெளிவாகப் புரியவைத்தவர் பீட்டர் மெடவார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர் விமானம் விழுந்து எரிந்தது. தீக்காயம் பட்டவர்களுக்கு வேறொருவர் தோலை ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் அண்ணன் தம்பியில் ஒருவருடைய தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டிப் பார்த்தார். கொஞ்ச நாள் ஒட்டியிருந்து கழன்றுவிட்டது. அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக அழிந்தது. உடம்பு ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது, இரண்டாம் முறை தயாராக நிற்கிறது என்பது அதில் வெளிப்பட்டது. 1943இல் வந்த அந்தக் கட்டுரையை இந்தத் துறையின் அஸ்திவாரம் என்று சொல்லலாம். மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது பாஸ்டன் நகரம், 1954 டிசம்பர் 23. ஜோசப் மர்ரே என்ற அறுவை மருத்துவர் ரொனால்டு ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்தானா என்று உறுதி செய்துகொள்ள, முன்கூட்டியே ஒருவர் தோலை இன்னொருவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டியது. ரிச்சர்டு எட்டு வருடம் வாழ்ந்தார். தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார். உலகமே கொண்டாடியது. ஆனால் மருத்துவர்களுக்கு உள்ளூர ஒரு சங்கடம். இரட்டையர் இல்லாத மற்றவர்களுக்கு என்ன வழி?

உடம்பு முழுதும் கதிர்வீச்சைச் செலுத்தி எதிர்ப்புச் சக்தியை அழித்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் தப்பினார்கள். பெரும்பாலோர் சாதாரணக் கிருமித்தொற்றில் இறந்தார்கள். அந்த ஐந்தாறு வருடங்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படிப்பது எளிதல்ல.

மருந்து வந்தது வேறு வாசல் வழியாக. அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் இருவரும் ரத்தப் புற்றுநோய்க்காக ஒரு மருந்தை உண்டாக்கினார்கள். எலியன் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெண் என்பதால் ஆய்வகத்தில் வேலை கிடைக்காமல், ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையெல்லாம் பார்த்தவர். முனைவர் பட்டம் முடிக்கவே இல்லை. 1988இல் ஹிட்சிங்ஸோடு நோபல் பரிசு வாங்கினார். 

அந்தப் புற்றுநோய் மருந்து முயல்களின் எதிர்ப்பு வேலையை மட்டுப்படுத்துகிறது என்று 1959இல் ராபர்ட் ஷ்வார்ட்ஸ், வில்லியம் டாமஷெக் இருவரும் காட்டினார்கள். இங்கிலாந்தில் ராய் கால்ன் என்ற இளம் அறுவை மருத்துவர் அதைப் படித்தார். மாணவராக இருந்தபோது, சிறுநீரகம் கெட்டுச் சாகக் கிடந்த ஒரு பையனுக்கு வேறு சிறுநீரகம் வைக்கக்கூடாதா என்று ஆசிரியரைக் கேட்டு, முடியாது என்று ஒரே சொல்லில் பதில் வாங்கியவர் அவர். நாய்களில் அந்த மருந்தைச் சோதித்தார். பிறகு பாஸ்டனுக்குப் போய், எலியன் குழு கொடுத்த அதன் தங்கை மருந்தான அசாதயோப்ரினைக் கொடுத்துப் பார்த்தார். லாலிபாப் என்ற நாய் மாற்றுச் சிறுநீரகத்தோடு ஆறு மாதம் துள்ளி விளையாடியது. 1962இல் மர்ரே, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை உறவே இல்லாத ஒருவருக்குப் பொருத்தி அசாதயோப்ரின் கொடுத்தார். அது ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தது. அடுத்த வருடம் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸில், அசாதயோப்ரினோடு ஸ்டீராய்டையும் சேர்த்தால் தொடங்கிவிட்ட நிராகரிப்பைக்கூடத் திருப்பிவிடலாம் என்று காட்டினார். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது மருத்துவர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதங்கள் இந்த இரண்டும்தான்.

கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் சரியான மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதயம்தான் சாட்சி. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்தியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளி லூயி வாஷ்கான்ஸ்கி பதினெட்டாம் நாள் இறந்தார். புது இதயம் அதுவரை நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பை அடக்கக் கொடுத்த மருந்துகளால் நுரையீரலில் கிருமி ஏறிவிட்டது. இரண்டரை மாதத்துக்குள், 1968 பிப்ரவரியில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சென் செய்த இதய மாற்றும் சில மணி நேரத்தில் முடிந்துபோனது. அந்த ஒரே வருடத்தில் உலகெங்கும் நூற்றுக்கு மேல் இதய மாற்றுகள் நடந்தன. பெரும்பாலோர் பிழைக்காததால் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டன. இந்தியாவில் முதன்முறை வெற்றிகரமாக இதய மாற்று நடந்தது 1994 ஆகஸ்டில், தில்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்தபோது. இடையில் இருபத்தாறு வருடம். மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994இல்தான் வந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதற்குள் சைக்ளோஸ்போரின் வந்திருந்தது.

சைக்ளோஸ்போரின் கதை நார்வே நாட்டு மேட்டுநிலம் ஒன்றில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில், ஊழியர்கள் வெளியூர் போனால் கொஞ்சம் மண் எடுத்து வரவேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அதில் புது ஆன்டிபயாட்டிக் ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பார்கள். 1969இல் விடுமுறைக்குப் போன ஒருவர் ஹார்டாங்கர்விடா என்ற இடத்திலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து எடுத்த பொருள் கிருமிகளைக் கொல்வதில் மந்தம். ஆனால் 1972இல், அது எலும்பு மஜ்ஜையைச் சிதைக்காமலே எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது என்று தெரியவந்தது. அசாதயோப்ரின் போன்ற மருந்துகளுக்கு இல்லாத குணம். எதில் கரைத்துக் கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். கால்னிடம் வேலை பார்த்த அல்கிஸ் கோஸ்டாகிஸ் என்ற கிரேக்க இளைஞர் ஆலிவ் எண்ணெயில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பொருத்திய இதயங்கள் நின்றன. 1978இல் கால்ன் கேம்பிரிட்ஜில் மனிதர்களுக்குக் கொடுத்தார். தொடக்கத்தில் அளவு கூடிப்போய்ப் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது, சிலருக்கு நிணநீர்ப் புற்று வந்தது. பிறகு அளவைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1983இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதற்கு முன், இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறக்குறைய பாதி ஒரு வருடத்துக்குள் போய்விடும். அதற்குப் பின் ஐந்தில் நான்கு நின்றன.

இந்த வரிசையில் மண்ணுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. இன்றைக்கு அதிகமாகக் கொடுக்கப்படும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா மலைப்பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1984இல் கிடைத்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்தவர் கனடாவில் வேலை பார்த்த சுரேந்திரநாத் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. கம்பெனி அந்த ஆய்வகத்தையே மூடியபோது, அந்த நுண்ணுயிரியைக் குப்பியில் அடைத்துத் தன் வீட்டு ஃப்ரீசரில், சாப்பிட வேண்டாம் என்று எழுதி ஒட்டி வைத்துக் காப்பாற்றினார். 1999இல் அது மாற்று உறுப்புக்கான மருந்தாக அனுமதி பெற்றது. மைக்கோஃபீனோலேட்டின் மூலப்பொருளை இத்தாலியில் பார்த்தோலோமியோ கோசியோ 1893இலேயே கெட்டுப்போன மக்காச்சோளத்துப் பூஞ்சையில் கண்டுவிட்டார். நூறு வருடம் கழித்து, 1995இல் அது மாத்திரையாக வந்தது.

இப்போது ஒரு சிறுநீரகம் பெற்றவரின் மருந்துச் சீட்டில் பொதுவாக மூன்று பெயர் இருக்கும். டாக்ரோலிமஸ், டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களுக்குப் போகும் போர் அழைப்பைத் தடுக்கிறது. மைக்கோஃபீனோலேட், அந்த அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய கச்சாப் பொருளைக் கிடைக்கவிடாமல் செய்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பொதுவாகவே அழற்சியைத் தணிக்கிறது. ஒன்றையே பெரிய அளவில் கொடுத்தால் அதன் கெடுதலும் பெரிதாக இருக்கும். அதனால் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. சிவகங்கைப் பக்கம் கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். கூடத் திறந்தால் பயிர் அழுகும், குறையத் திறந்தால் கருகும். அவர் தினமும் வயலைப் பார்த்துத்தான் மடையைத் தொடுவார். எங்கள் வேலையும் ஏறக்குறைய அதுதான். மருந்து குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தின்னும். கூடினால் காசநோயும் பூஞ்சையும் உடம்பைத் தின்னும். போதாததற்கு, டாக்ரோலிமஸ் அளவு கூடினால் அது காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே கெடுக்கும். மற்ற மருந்துகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடும், இதில் ஓடாது.

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு வந்து பாருங்கள். ரத்தம் எடுக்கும் ஜன்னல் முன்னால் வரிசை நிற்கும். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையிலோ மணிபர்சிலோ காகிதத்தில் மடித்த மாத்திரை. முந்தைய இரவு எட்டு மணிக்குப் போட்ட டாக்ரோலிமஸ், பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் ரத்தம் கொடுக்கும்வரை காலை மாத்திரையைத் தொடக்கூடாது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து மடக்கிய கை மடக்கியபடியே இருக்க, மறு கையால் காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் ஒருநாள், “மறந்துருமோன்னு பஸ்ஸுலயே போட்டுட்டேம்மா” என்றார். நர்ஸ், “ஐயா, இன்னைக்கு எடுத்தா கணக்கு தப்பா காட்டும். நாளைக்குக் காலையில போடாம வாங்க” என்றார். ஒரு மாத்திரைக்காக அவர் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரித் திண்ணையில் படுத்துக்கொண்டார். அலட்சியக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. மறந்துவிடக் கூடாது என்று பயந்த மனிதர் அவர்.

நிராகரிப்பு வலிக்குமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வலிக்காது. புதுச் சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கம், வைக்கிறோம். பழையவற்றை அநேகமாக எடுப்பதுகூட இல்லை. ரத்தக் குழாயை இணைக்கிறோம், சிறுநீர்க் குழாயை இணைக்கிறோம். அறுந்த நரம்புகளை யாரும் இணைப்பதில்லை. அதனால் உள்ளே போர் நடந்தாலும் ஆளுக்குத் தெரியாது. நன்றாகச் சாப்பிடுவார், வேலைக்குப் போவார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு மட்டும் ரத்தத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று ஏறிக்கொண்டிருக்கும்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் வந்தான். அம்மா கொடுத்த சிறுநீரகம். கூட இருக்கும் பையன்கள் என்ன மாத்திரை என்று கேட்கிறார்கள் என்று நிறுத்திவிட்டான். ஸ்டீராய்டால் முகம் வீங்கி நிலா மாதிரி ஆனதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. கூட்டிக்கொண்டு வரும்போது காப்பாற்றும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மறுபடி டயாலிசிஸ். அந்தத் தாய் என்னிடம் கேட்டது: “என்கிட்ட இன்னொண்ணு இருக்குல்ல சார், அதை எடுத்துக்கலாமா?” உலகெங்கும் வளரிளம் பருவத்தினர்தான் மாத்திரையை நிறுத்தி உறுப்பை இழப்பதில் முன்னால் நிற்கிறார்கள். திட்டினால் தீராது. முகம் வீங்குவது அந்த வயதில் சின்ன விஷயமில்லை என்று நாங்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அளவைக் குறைக்கவும் மாற்று மருந்து கொடுக்கவும் எங்களால் முடியும். சொன்னால்தானே?

நம் ஊருக்கென்று தனித்த சிக்கல்கள் சில உண்டு. முதலாவது காசநோய். அந்தக் கிருமி நம்மில் பலருடைய நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பை அடக்கினால் விழித்துக்கொள்ளும். உறுப்பு மாற்றியவர்களிடம் மேலைநாடுகளைவிட இங்கே காசநோய் பல மடங்கு அதிகம். அதற்கான முக்கிய மருந்து ரிஃபாம்பிசின். அதுவோ, ஈரலைத் தூண்டிவிட்டு டாக்ரோலிமஸைச் சீக்கிரமாகக் கரைத்துவிடும். அப்போது டாக்ரோலிமஸை இரண்டு மூன்று மடங்கு ஏற்ற வேண்டும்; செலவும் அதே அளவு ஏறும். இதற்கு நேர் எதிராக, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டில்டியாசெம், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல், தொண்டை வலிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் ஆகியவை டாக்ரோலிமஸைக் கரையவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸ் பழமும் இந்த வேலையைச் செய்யும். மருந்து விலை தாங்க முடியாத காலத்தில் நம் மருத்துவர்கள் இதையே ஓர் உபாயமாக்கி, டில்டியாசெமைக் கூடக் கொடுத்துக் குறைந்த மருந்திலேயே வேலையை முடித்தார்கள். மேலைநாட்டுப் பாடப்புத்தகம் எச்சரிக்கை என்று எழுதியதை நாம் சிக்கனமாக மாற்றிக்கொண்டோம். ஆனால் அது மருத்துவர் கணக்குப் போட்டுச் செய்வது. தெரு முனைக் கடையில் சளிக்கு வாங்கும் மாத்திரை அப்படியில்லை. அசாதயோப்ரின் சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு யூரிக் அமில மாத்திரையான அலோபுரினாலைச் சேர்த்தால் ரத்த அணுக்கள் தலைகுப்புற விழும். இரண்டும் எலியன் ஆய்வகத்தில் பிறந்தவை என்பது வேடிக்கை.

இரண்டாவது, கொரோனாவுக்குப் பிறகு நம்மைப் பிடித்துக்கொண்ட ‘இம்யூனிட்டி’ மோகம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகியம், சூரணம், சீந்தில் பொடி. மற்றவர்கள் சாப்பிடுவது அவரவர் விருப்பம்; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மாற்று உறுப்பு வைத்திருப்பவருக்கு எதிர்ப்பைக் கூட்டுவது என்றால், உள்ளே இருக்கும் சிறுநீரகத்தின் மேல் ஆளை ஏவுவது என்று பொருள். அன்போடு பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் மாமாக்களையும் சித்திகளையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது, பெண்கள். நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது வெட்கப்பட வேண்டிய கணக்கு. தப்பித்தவறி உறுப்பு கிடைத்த இளம்பெண்ணுக்கு இன்னொரு செய்தி யாரும் சொல்வதில்லை. உறுப்பு மாற்றியபின் குழந்தை பெற முடியும். ஆனால் மைக்கோஃபீனோலேட் கருவைக் கெடுக்கும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி அசாதயோப்ரினுக்கு மாற வேண்டும். அதாவது பேச்சு மாமியார் வீட்டில் தொடங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் தொடங்க வேண்டும்.

மருந்தே வேண்டாத நாள் வருமா என்று கேட்கிறீர்கள். ஈரல் மாற்றியவர்களில் ஒரு சிலருக்கு, கண்காணிப்போடு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த முடிந்திருக்கிறது. கொடையாளரின் எலும்பு மஜ்ஜை அணுக்களையும் சேர்த்துக் கொடுத்து, சிறுநீரகத்தில் அமெரிக்காவில் சிலருக்குச் சாதித்திருக்கிறார்கள். நல்ல செய்தி. ஆனால் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தானாக நிறுத்துகிறவரை மீட்க எங்களிடம் வழி குறைவு.

கடைசியாகச் சில வேண்டுகோள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இந்த நோயாளிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியது. அதே வழியில் இந்த மாத்திரைகளும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு மாத மாத்திரைக்காக யாரும் ஒரு நாள் கூலியை இழக்கக்கூடாது. மருந்துக்கடை நண்பர்கள், கேட்ட கம்பெனி மாத்திரை இல்லையென்றால் வேறு கம்பெனியை எடுத்துக் கொடுத்துவிடாமல், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் ரத்த அளவை மறுபடி பார்க்க வேண்டும். இந்த அரங்கில் மாற்று உறுப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு: பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பையில், ஒன்று வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும் எந்த மருத்துவரிடமும் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.